ஒன்பது நிமிடம் பத்து விநாடி

நூற்றிருபது பேர் ஒரு நாடக அரங்கத்தைவிட்டு வெளியேற எவ்வளவு நேரம் பிடிக்கும்? கணக்குப்படி ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. என் சொந்தக்காரர்கள்படி ஒன்பது நிமிடம் பத்து விநாடி. முதல் கணக்கைப் போட்டவள் நான். இரண்டாவது கணக்கு அரங்கேறியபோது மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றவளும் நான்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா லோரி ஓட்டுகிறார். அம்மா ஒரு தொழிற்சாலைக் கேண்டினில் சமைக்கிறார். இருவரும் ஆரம்பப் பள்ளியோடு நிறுத்தப்பட்டவர்கள். நான் கட்டடக்கலை படித்துப் பட்டம் வாங்கி, மலேசியாவில், ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து, ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் யார் ஏறினாலும் அப்பா, "என் மக பவானி, ஆர்க்கிடெக்ட்" என்று சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார். (பெயரோடு அப்படிப் போட்டுக்கொள்ள இன்னும் பரீட்சைகள் பாக்கி இருக்கின்றன என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. "அது லிஃப்டுல வர்றவனுக்கு எதுக்கு?" என்பார்.) நானும் பெரிதாக மறுக்கவில்லை. பதினான்காவது மாடி வரும்வரை முகத்தை அடக்கமாக வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன்.

எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அந்த அரங்கம். ஒரு குறுக்குச் சந்தில் தோளோடு தோள் ஒட்டி நின்ற இரண்டு பழைய கடைவீடுகள். ஒரு காலத்தில் மிளகும் பாக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கிடங்கு. இரண்டையும் சேர்த்து நூற்றிருபது இருக்கைகள் கொண்ட நாடக அரங்கமாக மாற்ற வேண்டும். கடைவீடு என்றால் முகம் குறுகல், உடம்பு நீளம். ரயில் பெட்டிக்குள் நாடகம் போடுவது மாதிரி. தெருப்பக்கம் இரட்டைக் கதவு போட்ட ஒரு வாசல், கடைக்கோடியில் மேடைக்குப் பக்கத்தில் பின்சந்துக்குத் திறக்கும் இன்னொரு வாசல். வேறு வழியே கிடையாது. பழமையான கட்டடம் என்பதால் சுவரில் புது ஓட்டை போடவும் அனுமதி இல்லை.

என் முதலாளி மிஸ்டர் லிம், கூரையையும் மேடையையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, இருக்கை அடுக்குகளையும் முன்கூடத்தையும் என்னிடம் கொடுத்தார். இருக்கைகளை நான் நன்றாகவே செய்தேன். முன்னால் இருப்பவரின் தலை பின்னால் இருப்பவருக்கு மேடையை மறைக்கக் கூடாது என்பதுதான் அதில் சூட்சுமம். சேலை கட்டி, கொண்டை போட்டு, கொண்டைமேல் பூவும் சுற்றி வருகிற எங்கள் பெண்களை நினைத்து, ஒவ்வொரு வரிசையையும் புத்தகத்தில் சொன்னதைவிட இன்னும் நாலு விரல்கடை உயர்த்தினேன்.

"இந்த எக்ஸ்ட்ரா எதுக்கு?" என்று லிம் வரைபடத்தில் விரலை வைத்தார்.

"பூவுக்கு, சார்."

தலையில் இருக்கும் பூவரைக்கும் யோசித்த நான் காலில் இருப்பதை யோசிக்கவில்லை.

முன்கூடத்தில்தான் என் தற்பெருமை முழுதும் குடியிருந்தது. கிடங்கில் கழற்றிய பழைய மரப் பலகைகளை இழைத்து, மெருகேற்றி, தரையில் பதிக்க வைத்தேன். அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) சாதாரண சிமெண்டுத் தரையில் நடந்து வருகிறவர், கதவைத் தாண்டியதும் தேன் நிறத்தில் பளபளக்கும் மரத்தில் கால் வைப்பார். "வெளியுலகம் முடிந்து வேறோர் உலகம் தொடங்குவதைப் பார்வையாளரின் பாதம் உணர வேண்டும்" என்று வடிவமைப்புக் குறிப்பில் எழுதினேன். (எழுதியதை மூன்று முறை வாசித்து ரசித்தேன். ஒரு முறை சத்தமாக.)

எல்லாம் முடிந்து தீயணைப்பு அதிகாரி பார்வையிட வந்தார். மலாய்க்காரர், அமைதியானவர், வேகமாகப் பேசமாட்டார். என்னை "டெக்" என்று தங்கையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். தண்ணீர்க் குழாய், புகை மணி, வெளியேறும் விளக்கு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்:

"எல்லாம் சரி டெக். ஆனா இடம் ரொம்பக் குறுகல். ஆளுங்களோட பார்க்கணும். எல்லா சீட்டும் நிரம்பணும். மணி அடிச்சு ரெண்டரை நிமிஷத்துல கடைசி ஆள் தெருவுல நிக்கணும். நின்னா அன்னைக்கே கடிதம் தர்றேன்."

அந்தக் கடிதம் இல்லாமல் அரங்கத்தைத் திறக்க முடியாது. முதல் நாடகத்துக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்திருந்தது. இருந்தது மூன்று வாரம்.

லிம் பக்கத்துக் கல்லூரி மாணவர்களை அழைக்கலாம் என்றார். நான் குறுக்கே விழுந்தேன். "வேணாம் சார். அவங்க போனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க. என் ஆளுங்க நூத்தி இருபது பேரைக் கொண்டுவர்றேன். சொன்னா சொன்னபடி கேப்பாங்க."

நோக்கம் வேறு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நான் கட்டிய கட்டடத்தில் என் சனங்கள் நிறைந்து உட்கார்ந்திருப்பதை லிம் பார்க்க வேண்டும். நான் மைக் பிடித்துப் பேசுவதை என் சனங்கள் பார்க்க வேண்டும். தீயெல்லாம் அப்புறம்.

அப்பா ஒரே மாலையில் ஆள் சேர்த்துவிட்டார். எங்கள் மாடிக்காரர்கள் ஒரு பேருந்து நிறைய, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து பாலன் மாமா (அம்மாவின் அண்ணன்) தலைமையில் பெர்ரியில் ஒரு படை. தீ ஒத்திகை என்று தெளிவாகத்தான் சொல்லியிருந்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பட்டுச் சேலையில் இருந்தார்கள்.

"பவானி, நாடகம் எத்தன மணிக்கும்மா?" என்றார் மாமா.

"நாடகம் இல்ல மாமா. மணி அடிக்கும், எல்லாரும் வெளிய போகணும். அவ்வளவுதான்."

"உள்ள வரச் சொல்லிட்டு உடனே வெளிய போகச் சொல்றியா? இதுக்கா பெர்ரி ஏறி வந்தோம்?"

"சாப்பாடு இருக்கு மாமா."

"அத மொதல்ல சொல்லு லா."

அம்மா என்னோடு காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். மகளின் முதல் கட்டடம் என்று கூடையில் மாவிலைத் தோரணம் கொண்டுவந்திருந்தார். பிற்பாடு கழற்றிவிடலாம் என்று நானும் விட்டுவிட்டேன். கதவு நிலையில் மஞ்சள் பொட்டும் வைத்தார். லிம் வந்து பார்த்து, "நைஸ்" என்றார். நான் மேலும் கீழும் ஓடி, ஒலிபெருக்கியைச் சரிபார்த்து, விளக்கைச் சரிபார்த்து, என் பேச்சை இரண்டு முறை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். வாசல் பக்கம் நான் மறுபடி போகவே இல்லை.

பத்தரைக்கு நூற்றிருபது இருக்கையும் நிறைந்தது. மேடையில் ஏறி நின்றேன். ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரிந்தது. அத்தனை கொண்டையும், அத்தனை பூவும். ஒருவர் இன்னொருவரை மறைக்கவில்லை. என் வரிசைகள் அவ்வளவு துல்லியம். முன்சீட்டின் முதுகும், முதல் வரிசைக்கு மேடை விளிம்பும் மறைத்ததால் ஒரு கால்கூடத் தெரியவில்லை என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

"மணி அடிச்சதும் எழுந்திருங்க. ஓட வேணாம், நடங்க. பையை எடுக்க வேணாம், குடையை எடுக்க வேணாம். எதையும் எடுக்காம கைய வீசிக்கிட்டுப் போங்க. கீழ் வரிசைக்காரங்க மேடைப் பக்கத்துக் கதவு, மேல் வரிசைக்காரங்க தெருக் கதவு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது!" என்று கோரஸாகச் சொன்னார்கள். அப்பா மட்டும் தனியாகக் கை தட்டினார்.

லிம் பின்சந்தில் நின்று அந்தப் பக்கம் வருகிறவர்களை எண்ணுவதற்குப் போனார். அதிகாரி தெருவில், எதிர்க்கடை நிழலில், கையில் கடிகாரத்தோடு நின்றார். மணி அடித்தது.

அடுத்த முப்பது விநாடி என் வாழ்க்கையின் பொற்காலம். யாரும் ஓடவில்லை, தள்ளவில்லை. வரிசை வரிசையாக எழுந்தார்கள். ஆனால் கீழ் வரிசைக்காரர்கள், மேடைப் பக்கத்துக் கதவு கையெட்டும் தூரத்தில் திறந்து கிடக்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருப்பக்கம் நடந்தார்கள். ஒருவர் விடாமல்.

"மாமா! இந்தப் பக்கம்! இந்தக் கதவு!" என்று மைக்கில் கத்தினேன்.

பாலன் மாமா திரும்பிப் பார்த்து அன்பாகச் சொன்னார்: "தெரியும்மா. ஆனா சிலிப்பரு அந்தப் பக்கம்ல கெடக்கு?"

மைக்கைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்தேன். முன்கூடம்வரைதான் போக முடிந்தது. அதற்கப்பால் நூறு பேர் அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கதவுக்கு நேர் வெளியே, அஞ்சடியில், ஒரு மலை. சிலிப்பர், சப்பாத்து, கொலுசு வைத்த செருப்பு, சிறுபிள்ளைகளின் விளக்கு எரியும் செருப்பு. இரட்டைக் கதவில் ஒன்றைத்தான் காலையில் திறந்திருந்தோம். வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டிய மற்றதை அந்த மலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. திறந்திருந்த ஒற்றைக் கதவில் என் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இது என்னுது இல்ல. என்னுதுல கல்லு வச்சிருக்கும்."

"எல்லாம் ஒரே கறுப்பா இருக்கே, எந்தக் கடையிலதான் வாங்குனீங்க எல்லாரும்?"

"அண்ணே, உங்களுது ஒன்னு இங்க இருக்கு. இன்னொன்னு அந்தம்மா கால்ல இருக்கு பாருங்க."

"நீங்க மொதல்ல எடுங்க அக்கா."

"பரவால்ல, நீங்க எடுங்க, ஒங்களுக்கு முழங்கால் வலி."

"அத்தை, தீ பிடிச்சிருக்கு! நடங்க!" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். அப்பாவின் தங்கை ராணி அத்தை நிமிரக்கூட இல்லை.

"பிடிக்கட்டும்டி. புதுச் சிலிப்பரு."

ஒன்பது நிமிடம் பத்தாவது விநாடியில் கடைசி ஆள் தெருவுக்கு வந்தார். அது அப்பா. இடது காலில் தன் சப்பாத்து, வலது காலில் யாருடையதோ. அதே சமயம் பின்சந்தைச் சுற்றிக்கொண்டு லிம் வந்து சேர்ந்தார். கையில் எண்ணும் கருவி பூச்சியத்தைக் காட்டியது.

"பவானி, யாருமே வரல. எல்லாரும் இந்தப் பக்கமாவா வந்தாங்க?"

அதிகாரி சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் பரவாயில்லை. "உண்மையான தீயில இப்படித் தேடமாட்டாங்கன்னு நீ சொல்லலாம் டெக்," என்றார்.

"ஆமா, துவான். ஓடிருவாங்க" என்றேன். (மலாயில் துவான் என்றால் ஐயா.)

"எப்படி ஓடறது?" என்று ராணி அத்தை நடுவே புகுந்தார். அவருக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும். "ரோட்டுல கால வச்சுப் பாருங்க துவான், தார் கொதிக்குது."

அதிகாரி அவருக்கு மரியாதையாகத் தலையசைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "ஓடுவாங்கன்னே வச்சுக்குவோம். முதல் ஆள் அந்தக் குவியல்ல தடுக்கி விழுவான். அவன்மேல ரெண்டாவது ஆள். புரியுதா?" புரிந்தது. ஏட்டில் ஏதோ எழுதினார். "பத்து நாள் கழிச்சு மறுபடி வர்றேன். அதான் கடைசி."

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அவ்வளவு பேர் நடுவில், லிம்மும் அலுவலகத்தாரும் பார்க்க, அம்மாவிடம் திரும்பினேன்.

"யாரும்மா உங்கள தோரணம் கட்டச் சொன்னா? மஞ்சப் பொட்டு வேற! கோயில்னு நெனச்சு எல்லாரும் கழட்டிட்டாங்க. படிக்காதவங்கள கூட்டிக்கிட்டு வந்ததே என் தப்பு!"

அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தோரணத்தை அவிழ்த்து, மடித்துக் கூடைக்குள் வைத்தார். சாப்பாட்டுப் பொட்டலம் அப்படியே பேருந்தில் ஏற்றப்பட்டது. பாலன் மாமாகூடச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்று அதில் தெரிந்துகொள்ளலாம்.

மூன்று நாள் அம்மா என்னோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. "அவளுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளுங்க" என்று அப்பாவிடம் சொல்வார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அப்பா என் பக்கம் திரும்பி, "கொழம்பு வேணுமா?" என்பார். லிஃப்டில் அந்த மூன்று நாளும் அப்பா வெறுமனே பொத்தானை அழுத்தினார்.

நாலாம் நாள் அலுவலகத்தில் லிம் எங்களையெல்லாம் கூப்பிட்டார். வாசலுக்கு மேலே இருந்த கேமராவின் பதிவை வாங்கி வந்திருந்தார். எந்த இடத்தில் நெரிசல் தொடங்கியது என்று பார்க்கத்தான். காலையிலிருந்தே ஓடவிட்டார்.

எட்டு மணி இரண்டு நிமிடம். திரையில் ஒரு பெண் வருகிறாள். கதவைத் திறக்கிறாள். ஒரு கையால் கதவைப் பிடித்து, ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்று, குதிகால் உயர்ந்த சப்பாத்தைக் கழற்றுகிறாள். இரண்டையும் ஜோடியாக, ஓரமாக, அழகாக வைக்கிறாள். வெறுங்காலோடு உள்ளே போகிறாள். அது நான்.

பின்னால் அம்மா வருகிறார். சிலிப்பரோடு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். ஓரத்தில் இருந்த என் சப்பாத்து கண்ணில் படுகிறது. வைத்த காலை வெளியே எடுக்கிறார். கழற்றுகிறார். என்னுடையதற்குப் பக்கத்தில் வைக்கிறார். தோரணம் கட்டியது அதற்குப் பிறகு இருபது நிமிடம் கழித்து.

மேடையில் மைக்கைப் பிடித்துத் தீ பாதுகாப்பு பற்றி முழங்கியபோது நானே வெறுங்காலில்தான் நின்றிருக்கிறேன். அங்கிருந்து குதித்தபோதும்.

லிம் தொண்டையைச் செருமினார். "பாலிஷ் போட்ட நாள்லேர்ந்து நீ தினமும் கழட்டிட்டுத்தான் போற, பவானி. தச்சரும் கழட்டினார். எலக்ட்ரிக்காரரும் கழட்டினார்." பதிவை நிறுத்தி, "நானும்தான் லா" என்றார்.

மலேசியாவில் எந்த வீட்டுக்குள் போனாலும், எந்த இனத்தார் வீடானாலும், வாசலில் கழற்றிவிட்டுத்தான் போகிறோம். வெளித்தரை முடிந்து பளபளப்பான உள்தரை தொடங்கும் இடத்தில் கால் தானாக நிற்கும். ஐந்து வருடப் படிப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை; சொல்லித் தராமலே எனக்குத் தெரிந்த விஷயம், ஆனால் படித்தவள் என்ற நினைப்பில் அதை எண்ணிப் பார்க்கவில்லை. பார்வையாளரின் பாதம் உணர வேண்டும் என்று எழுதியது நான்தானே. உணர்ந்துவிட்டது.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் நேராகச் சமையலறைக்குப் போனேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கேமராவுல பார்த்தேன். மொதல்ல கழட்டினது நான்தான்."

"எனக்குத் தெரியும்."

பேசிவிட்டாரே என்ற மகிழ்ச்சி ஒரு பக்கம். "தெரியுமா? அப்புறம் ஏன்மா அன்னைக்கே சொல்லல?"

"ஒன் முதலாளி நிக்கிறாரு, அந்த துவான் நிக்கிறாரு. அத்தன பேரு முன்னால ஒன்ன எப்படிச் சொல்றது?" வெங்காயத்தை வழித்துச் சட்டியில் போட்டார். "நான்னா படிக்காதவ. என்ன வேணாலும் நெனச்சுட்டுப் போகட்டும்."

நான் அழுதேன். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. மன்னிப்பும் கேட்டேன். "சரி, சரி, அந்த உப்ப எடு" என்றார். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய், பெர்ரி ஏறிப் பாகான் டாலாமுக்கும் போய், எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பாலன் மாமா பெருந்தன்மையாக, "இந்தத் தடவ சாப்பாடு மொதல்லயே குடுத்துரு" என்றார்.

என் பலகைகளை நானே நின்று பெயர்க்க வைத்தேன். முன்கூடத் தரை முழுதும், அரங்கத்துக்குள் பத்தடி தூரம்வரை, அஞ்சடியில் இருக்கும் அதே சாம்பல் நிறச் சிமெண்டு. எங்கே வெளியே முடிகிறது, எங்கே உள்ளே தொடங்குகிறது என்று காலுக்குத் தெரியவே கூடாது. மரம் அதற்கப்புறம்தான், அதுவும் பளபளப்பு இல்லாமல். பெயர்த்த பலகைகளைச் சுவரோரம் பெஞ்சுகளாக்கினோம். பத்தாம் நாள், அதே ஆட்கள்தான் வர வேண்டும் என்று அதிகாரி பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், அதே நூற்றிருபது பேரும் வந்தார்கள். யாருக்கும் நான் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும், மகள் என்ற முறையில், முதல் நாளே, "போட்டுக்கிட்டே வாங்க" என்று காதில் சொல்லியிருந்தேன். (இது தப்புதான். துவான் இதை வாசிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.) இரண்டு நிமிடம் ஐந்து விநாடி. பின்சந்தில் லிம் நாற்பத்தேழு பேரை எண்ணினார். கடிதம் கைக்கு வந்தது.

திறப்பு விழா அன்று மாலை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உள்ளே நடைவழியோரம் இரண்டு இருக்கை. நான் பக்கச் சுவரில் சாய்ந்து நின்று, நாடகத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் காலில் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அம்மாவும் புதுச் செருப்பு. ஆனால் ஏதோ ஒரு மாதிரி உட்கார்ந்திருந்தார். உற்றுப் பார்த்தேன். இரண்டு பாதமும் தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே அந்தரத்தில் இருந்தன. இடைவேளை வரை இறக்கவில்லை.

இடைவேளையில் ஓடிப்போய், "என்னம்மா இது, காலு வலிக்கல?" என்றேன்.

"வலிக்குது."

"பின்ன கீழ வைக்க வேண்டியதுதானே?"

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கட்டுன எடம். போட்டுக்கிட்டு வான்னு சொன்ன, போட்டுக்கிட்டு வந்தேன். மிதிக்கச் சொன்னியா?"

பக்கத்தில் இருந்த அப்பா அதைக் கேட்டுவிட்டார். ஆகவே பாகான் டாலாம்வரை போய்விட்டது. இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தினால் அதுதான் பதில். போன மாதம் டாக்டர் அப்பாவை நடைப்பயிற்சிக்குச் சப்பாத்து வாங்கச் சொன்னார். வாங்கினார். தினமும் காலை ஆறரைக்கு அதை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டி, சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார். நான் வாயைத் திறக்கும் முன்பே விரலை நீட்டிவிடுகிறார்:

"வாங்கச் சொன்னாரு, வாங்கிட்டேன். மிதிக்கவா சொன்னாரு?"